பக்கத்து இருக்கை

பிப்ரவரி பதினோராம் தேதி, சரக்கு ரயில் முற்றத்தை ஒட்டிய பழைய பள்ளிக்கூடத்தின் மாடி அறையில், அகதி இளைஞர்களுக்கான மனநலப் பயிற்சி தொடங்கியது. ஒரு தொண்டு நிறுவனம் ஆறு மெய்நிகர் கண்ணாடிகளையும் ஓர் ஆலோசகரையும் அனுப்பிவைத்திருந்தது. முதல் நாள் பதினான்கு பேர் வந்தார்கள். மறுவாரம் ஒன்பது பேர் வந்தார்கள்.

அந்த ஒன்பது பேரில் ஒருவன் யாரோடும் பேசுவதில்லை. வீட்டில் அவனைச் சின்னவன் என்றார்கள். பதினெட்டு வயது முடிந்திருந்தது. அவனும் அவனுடைய அக்காவும் தாயும் முற்றத்துக்கு அந்தப் பக்கம், ஒரு காலத்தில் ரயில்வேத் தொழிலாளர்கள் தங்கிய விடுதியின் மூன்றாவது மாடியில் ஓர் அறையில் இருந்தார்கள். இரண்டு இரும்புக் கட்டில்கள். மூன்றாவது மெத்தையைப் பகலில் சுவரோரமாக நிமிர்த்தி வைப்பார்கள். ஜன்னலைத் திறந்தால் புகையும் பெட்டிகள் மோதிக்கொள்ளும் சத்தமும் உள்ளே வரும்; மூடிவைத்தால் சுவரில் ஈரம் இறங்கும். சமையலறை வராந்தாவின் கடைசியில், நான்கு குடும்பத்துக்குப் பொது. எந்த அடுப்பில் எப்போது யார் பாத்திரம் என்பதில் தினமும் ஒரு சின்னச் சண்டை நடக்கும். மற்றபடி அமைதியான விடுதி.

சின்னவன் பயிற்சிக்குப் போனதற்குக் காரணம் ஜனவரியில் நடந்த ஒன்று. ஒரு மாலை, முற்றத்துக் காவலாளி அவனைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து விட்டார். தண்டவாளத்தில் உட்கார்ந்திருந்தானாம். வண்டி பின்னால் வருகிறது, விளக்கு அடிக்கிறது, சங்கு ஊதுகிறது, இவன் எழுந்திருக்கவில்லை.

"காது கேக்குமா இவனுக்கு?" என்று காவலாளி கேட்டார்.

"கேக்கும்" என்றாள் தாய்.

"அப்போ பாத்துக்கோங்கம்மா. நான் எல்லா நாளும் அந்தப் பக்கம் நிக்க மாட்டேன்."

அதற்குப் பிறகு அவனைத் தனியாக விடவில்லை. தாயும் மூத்தவளும் ஒரே ஆலையில் ஒரே ஷிப்டில் வேலை பார்த்தார்கள். அவர்கள் போனதும் பக்கத்து அறைத் தையல்காரரின் வீட்டில் அவன் போய் உட்கார்ந்திருப்பான். தையல்காரரும் வேறொரு ஊரிலிருந்து ஓடிவந்தவர்தான். வேலைக்கான அனுமதி கிடைக்காததால் விடுதிக்காரர்களின் கிழிசல்களைத் தைத்துக்கொண்டு, மனைவியோடு நாள் முழுவதும் வாக்குவாதம் செய்துகொண்டிருந்தார். பயிற்சியைப் பற்றி முதலில் கேள்விப்பட்டவரும் அவர்தான்.

"தலையில ஒரு பெட்டி மாட்டி விடுறாங்களாம். மாட்டிக்கிட்டா இந்த ரூமே தெரியாதாம். கடல்னா கடல், காடுன்னா காடு. தலைய எந்தப் பக்கம் திருப்பினாலும் அதுதானாம்" என்றார். "எனக்கும் ஒண்ணு குடுத்தா நல்லாருக்கும். இவ மூஞ்சி கொஞ்ச நேரம் தெரியாம இருக்கும்."

"காதையும் சேத்து அடைக்கிற பெட்டியா கேளு" என்றாள் அவர் மனைவி. "எனக்கு வேணும்."

சின்னவன் சிரிக்கவில்லை. ஆனால் மறுநாள் மூத்தவள் கூப்பிட்டபோது எழுந்து செருப்பு மாட்டினான்.

*

ஆலை, ஆஸ்பத்திரித் துணிகளை வெளுக்கும் ஆலை. அதற்கு இரண்டு பக்கம் உண்டு. அழுக்குப் பக்கத்தில் மூட்டைகள் வந்து இறங்கும். அங்கே வேலை செய்பவர்கள் முழங்கைவரை கையுறை போட்டுக்கொண்டு படுக்கை விரிப்பு, தலையணை உறை, நோயாளிச் சட்டை என்று பிரிப்பார்கள். விரிப்புகளுக்குள் மூக்குக் கண்ணாடி வரும், பல்செட் வரும், சில சமயம் ஊசி வரும். நடுவில் சுவர். சுவரில் பதித்த பெரிய இயந்திரங்கள் ஒரு பக்கம் வாயைத் திறந்து வாங்கி, மறுபக்கம் வாயைத் திறந்து கொடுக்கும். சுத்தப் பக்கத்தில் உருளை இருந்தது. ஆள் உயரத்துக்கும் மேல், உள்ளே ஆவி ஓடும் இரும்பு உருளை. ஈர விரிப்பை இரண்டு பேர் இரண்டு மூலையில் பிடித்து, இழுத்து, ஒரே நேரத்தில் அதன் வாயில் கொடுக்க வேண்டும். ஒருத்தி முந்தினாலும் விரிப்பு கோணலாகப் போய் மடிந்து கருகும். அதனால் உருளைக்கு ஜோடி முக்கியம். தாயும் மகளும் ஜோடி. ஒருவர் கையை இன்னொருவர் பார்க்காமலே கொடுப்பார்கள் என்பதால் அவர்களை மேற்பார்வையாளர் பிரிக்கவில்லை. அவர் கழுத்தில் எப்போதும் விசில் தொங்கும். விசில்காரர் என்றுதான் அவருக்குப் பெயர்.

வெளியே குளிர். உள்ளே ஆவி. வேலை முடிந்து வெளியே வரும்போது எல்லாப் பெண்களின் முகமும் வேகவைத்ததுபோல் சிவந்திருக்கும். மருந்துத் தண்ணீரில் நனைந்த விரல்கள் வெடித்து, வெங்காயம் நறுக்கும்போது எரியும். தாய் அதனால் வெங்காயத்தை மகளிடம் தள்ளிவிடுவாள். மகள் திருப்பித் தள்ளுவாள். கடைசியில் அன்றைக்கு வெங்காயம் இல்லாமல் முட்டையும் சோறும் மட்டும் ஆகும்.

தந்தை மின்கம்பத்தில் ஏறி வேலை செய்தவர். சொந்த நாட்டில் மின்சாரத் தொழிலாளர்கள் ஆட்சியை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தபோது முன்னால் நின்றவர்களில் ஒருவர். வேலைநிறுத்தம் அடக்கப்பட்ட மாதத்தில், ஒரு பேருந்திலிருந்து அவரை ஆயுதக்காரர்கள் இறக்கிக்கொண்டு போனார்கள். பிறகு தகவல் இல்லை. அப்போது சின்னவன் அவரோடு இருந்தான். பக்கத்து ஊர்த் தொழிற்பள்ளியில் அவனைச் சேர்க்கத்தான் அப்பா கூட்டிப்போனார். மறுநாள் தனியாக வீடு திரும்பியவன், "அப்பாவ இறக்கிட்டாங்க" என்று மட்டும் சொன்னான். அதன் பிறகு கேட்டதற்கெல்லாம் தலையாட்டல்தான்.

இந்த நாட்டுக்கு வந்து அடைக்கலம் கேட்டு வரிசையில் நின்றபோது, முன்னால் நின்ற ஒருவர் தாயிடம் ஒரு யோசனை சொன்னார். "பையன் அங்க இருந்தான்னு மட்டும் சொல்லிடாதீங்க. வளந்த பையன். தனியா கூட்டிட்டுப் போயி விசாரிப்பாங்க. வாரக்கணக்குல கண்ணுல காட்ட மாட்டாங்க." அந்த ஆள் யார் என்று அவளுக்குத் தெரியாது. பிறகு அவரைப் பார்க்கவும் இல்லை. ஆனால் வாயில் ஒரு சொல் இல்லாமல் நிற்கும் மகனை யாரோ தனியாகக் கூட்டிப்போவதை அவள் மனதால் பார்த்துவிட்டாள். அதிகாரி முன்னால் உட்கார்ந்தபோது, பையனுக்கு அன்றைக்குக் காய்ச்சல், வீட்டில் படுத்திருந்தான், கணவர் தனியாகத்தான் போனார் என்றாள். பிள்ளைகள் இருவரிடமும் அதையே சொல்லிவைத்தாள். "நீ பஸ்ல இல்ல. யார் கேட்டாலும் வீட்ல இருந்த. புரியுதா?" சின்னவன் தலையாட்டினான்.

அப்போது அவன் சிறுவன் என்பதால் அவனை விசாரிக்கவில்லை. குடும்பத்தின் கோரிக்கைக்கு இன்னும் முடிவு வரவில்லை; இதற்குள் அவனுக்கு வயது வந்துவிட்டது. அவனுக்குத் தனி விசாரணை உண்டு என்றும், அது ஏப்ரலில் என்றும் தகவல் வந்திருந்தது.

*

பிள்ளைகள் ஆலோசகரைக் கண்ணாடி மிஸ் என்று கூப்பிட்டார்கள். குள்ளமான, வேகமாகப் பேசும் பெண். ஒவ்வொரு பையனும் கழற்றியதும் கண்ணாடியின் உள்பக்கத்தை மருந்துத் துணியால் துடைத்துவிட்டுத்தான் அடுத்தவனிடம் கொடுப்பாள். முதல் இரண்டு வாரம் ஏரி, மரத்தடி, மழை பெய்யும் மைதானம். மூச்சை இழுத்துவிடச் சொல்வாள். சின்னவன் சொன்னதையெல்லாம் செய்தான். ஒன்றும் சொல்லவில்லை.

மூன்றாவது வாரம் அவளாகக் கேட்டாள். "உங்க அக்கா சொன்னாங்க, நீ எங்க போறதா இருந்தாலும் நடந்துதான் போறியாம். பஸ் ஏற மாட்டியாம். இதுல ஒரு பஸ் இருக்கு. நிக்கிற பஸ்தான். ஏறிப் பாக்கறியா? பிடிக்கலன்னா கைய தூக்கு, உடனே கழட்டிடலாம்."

அவன் கையைத் தூக்கவில்லை. அன்றைக்கு நிற்கும் பேருந்தில் உட்கார்ந்தான். அடுத்த முறை எஞ்சின் ஓடியது. அதற்கடுத்த முறை ஒரு நிறுத்தம் வரை போனது. சட்டை முதுகோடு ஒட்டும் அளவுக்கு வியர்த்தது. ஆனால் அந்த நாள்களில் மட்டும் வீட்டுக்கு வந்து தட்டில் போட்டதைச் சாப்பிட்டான். தாய் அதைக் கவனித்தாள். என்ன செய்கிறார்கள் என்று கேட்கவில்லை. மூஞ்சிப்பெட்டி நல்ல பெட்டிதான் என்று தையல்காரர் மனைவியிடம் சொன்னாள்.

மார்ச் நடுவில் ஒரு நாள், பேருந்துக்குள் உட்கார்ந்தபடியே அவன் பேசினான்.

"மிஸ். பக்கத்து சீட்ல ஆள் இல்ல."

"வேணுமா?"

"வேணும்."

அந்த மென்பொருளில் பயணிகளாக உட்கார வைக்க நாலைந்து பொம்மை உருவங்கள் இருந்தன. ஒவ்வொன்றாகக் காட்டினாள். தொப்பி போட்டவர் வேண்டாம் என்றான். இளைஞன் வேண்டாம் என்றான். சாம்பல் நிறச் சட்டை போட்ட ஒரு நடுவயது உருவம் வந்ததும், "இருக்கட்டும்" என்றான். பிறகு அன்று முழுவதும் ஒன்றும் பேசவில்லை. கழற்றும்போது மட்டும் கேட்டான்: "அடுத்த தடவ அக்கா வரலாமா?"

மூத்தவள் அரை நாள் விடுப்புக் கேட்டு வந்தாள். கண்ணாடிக்குள் அவன் பார்ப்பது மேசைமேல் கணினித் திரையிலும் தெரிந்தது. நீல இருக்கைகள், ஜன்னலுக்கு வெளியே ஒரே மாதிரி நகரும் கட்டடங்கள். அவன் தலையைத் திருப்பும்போது திரையும் திரும்பியது. சாம்பல் சட்டைக்காரர் கைகளை முழங்காலில் வைத்து நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். அறையில் சின்னவன் மர நாற்காலியில் இருந்தான். அக்கா பின்னால் நிற்பது அவனுக்குத் தெரியும். தெரிந்தாலும் அவளைப் பார்க்க வேண்டியதில்லை. அதனால்தான் பேச முடிந்தது என்று ஆலோசகர் பிறகு சொன்னாள்.

"அப்பா வெளிய பாத்தாரு" என்றான். "வண்டி நின்னுச்சு. அவங்க ஏறுறதுக்கு முன்னாடி, என்ன பாக்காம சொன்னாரு. நீ என்னோட வரல, என்ன கேட்டாலும் தெரியாதுன்னு சொல்லுன்னாரு."

நிறுத்தினான். திரையில் கட்டடங்கள் நகர்ந்தன.

"எல்லார் கையையும் விரிச்சுப் பாத்தாங்க. கம்பி வேல செஞ்ச கை தெரிஞ்சிடும் இல்ல. அப்பா கையப் பாத்தாங்க. எழுந்திருன்னாங்க. அப்புறம் ஒருத்தன் எங்கிட்ட கேட்டான், இவரு உனக்கு யாருன்னு. தெரியாதுன்னேன். மறுபடி கேட்டான். தெரியாது, பஸ்லதான் பாத்தேன்னேன். அப்பா இறங்கிப் போனாரு. திரும்பல. நான் கடைசி ஸ்டாப் வரைக்கும் போனேன் அக்கா. நடுவுல இறங்கினா கண்டுபிடிச்சிடுவாங்கன்னு. கடைசி ஸ்டாப்ல எல்லாரும் இறங்கினாங்க. அவர் பைய நான் எடுக்கல. தெரியாதவர் பையாச்சே."

மூத்தவள் திரையை விட்டுத் தம்பியின் முதுகைப் பார்த்தாள். தம்பி இவ்வளவு வார்த்தைகளைச் சேர்த்துப் பேசி அவள் கேட்டு ஏறக்குறைய இரண்டு வருடம் ஆகியிருந்தது.

"விசாரணைல என்ன சொல்லட்டும்?" என்று கேட்டான், கண்ணாடியைக் கழற்றாமலே. "வீட்ல இருந்தேன்னு என்னால இனிமே சொல்ல முடியாது. சொன்னேன்னா மறுபடி அங்கதான் போய் உக்காருவேன்." அங்கே என்றது தண்டவாளத்தை. அவளுக்கு விளங்கியது.

*

வக்கீல் இலவச உதவி மையத்தில் வாரம் இரண்டு நாள் உட்காருவார். தூக்கம் கெட்ட கண்களோடு, தேநீரை ஆறவிட்டுக் குடிப்பவர். மூத்தவள் சொல்லி முடிக்கும்வரை பேனாவைத் தொடவில்லை.

"அவன் உள்ளத உள்ளபடி சொன்னா அவன் கேஸ் நிக்கும்" என்றார். "நேர்ல பாத்தவன். சொல்ற விதத்துலயே தெரியும். ஆனா அம்மா சொன்னது பொய்னு ஆயிடும்."

"ஒண்ணே ஒண்ணுதான் சார் பொய். மத்ததெல்லாம் உண்மை."

"ஒண்ணு போதும்மா அவங்களுக்கு. மத்ததுலயும் கை வைப்பாங்க. நீங்க அம்மாவோட சேந்த கேஸ். அவங்க விழுந்தா நீங்களும் விழுவீங்க."

"அம்மாவே முன்னாடி போயி மாத்திச் சொல்லிட்டா?"

"அதுதான் சரி. ஆனா ரெண்டு வருஷம் ஏன் சும்மா இருந்தீங்கன்னு கேப்பாங்க. வரிசையில நின்ன ஒருத்தர் சொன்னாருன்னு சொல்லப் போறீங்க. யாரு அவர்னு கேப்பாங்க. நான் எந்த உறுதியும் குடுக்க முடியாது."

"அவன் ஒண்ணும் பேசலன்னா?"

வக்கீல் தேநீரைப் பார்த்தார். "பொய் சொல்லச் சொல்லி நான் சொல்ல மாட்டேன். உடம்பு சரியில்ல, பேச முடியலன்னு டாக்டர் சொன்னா அது வேற. அம்மா கேஸ் தப்பிக்கலாம். அவன் தப்பிப்பானான்னு நீங்கதான் சொல்லணும்."

*

மறுநாள் காலை ஷிப்டில், உருளையின் இரண்டு பக்கமும் நின்றபடி, மூத்தவள் தாயிடம் சொன்னாள். வீட்டில் சொல்ல முடியாது. அவன் இருப்பான், சுவருக்கு அந்தப் பக்கம் தையல்காரர் இருப்பார். இங்கே இயந்திரச் சத்தத்தில் நெருங்கி நிற்பவருக்கும் கேட்காது. விரிப்பின் அகலம்தான் இருவருக்கும் நடுவில்.

"அவன் பேசறான்மா. அந்தப் பெட்டிக்குள்ள."

"நல்லதுதானே. என்ன பேசறான்?"

"பஸ்ஸப் பத்தி."

தாயின் கை நிற்கவில்லை. மூலையைப் பிடித்தாள், இழுத்தாள், கொடுத்தாள். "பஸ்ல எங்க இருந்தான் அவன்? வீட்ல இருந்தான்."

"என்கிட்டயே ஏன்மா இத சொல்ற?"

"உன்கிட்ட சொல்லிப் பழகினாத்தான் அங்க தடுமாறாது. அந்தப் பெட்டிய நிறுத்து. இனி போக வேணாம்."

"நிறுத்தினா மறுபடி தண்டவாளத்துக்குப் போவான். அவனே சொல்றான்."

"போகாம நான் பாத்துக்கறேன். காலோட கால் கட்டிப் போட்டுக்கறேன். நம்மள திருப்பி அனுப்பிட்டா என்ன ஆகும்னு தெரியுமாடி உனக்கு? இவனையும் ஒரு நாள் பஸ்ல இருந்து இறக்குவாங்க. அப்போ பெட்டியா வந்து காப்பாத்தும்?"

அடுத்த விரிப்பு. இருவரும் ஒரே நேரத்தில் உதறினார்கள்.

"என்ன நடந்துச்சுன்னு உனக்கு முழுசா தெரியாதும்மா."

"எல்லாம் தெரியும். இறக்கினாங்க, கூட்டிட்டுப் போனாங்க."

"நடுவுல அவன்கிட்ட கேட்டாங்க, இவரு யாருன்னு. தெரியாதுன்னு சொன்னான். ரெண்டு தடவ சொன்னான்."

தாய் தன் மூலையை விடவில்லை. ஆனால் கொடுக்கவும் இல்லை. மகள் பக்கம் மட்டும் உள்ளே போனது. விரிப்பு முறுக்கிக்கொண்டு உருளையில் சுற்றியது. யாரோ கத்த, விசில்காரர் ஊதினார். பாதுகாப்புக் கம்பியை மகள் உதைத்தாள். உருளை நின்றது. பின்னால் மடிப்பு மேசையில் இருந்தவர்களும் நிற்க வேண்டியதாயிற்று.

"யாருடி அது, சம்பளம் கூட்டிக் கேக்குறதுக்கு முன்னாடியே ஸ்டிரைக் பண்றது?" என்றாள் மடிப்பு மேசைக்காரி ஒருத்தி. சிலர் சிரித்தார்கள்.

கருகிய வாடை வந்தது. விசில்காரர் கத்தியால் விரிப்பைக் கிழித்து எடுக்க ஆரம்பித்தார். தாயும் மகளும் ஒதுங்கி, வெளுத்த துணி வண்டியின் பக்கத்தில் நின்றார்கள்.

"அவர்தான் அப்படிச் சொல்லச் சொல்லியிருப்பாரு" என்றாள் தாய்.

"அவர்தான்."

"எனக்குத் தெரியும். அவருக்கு அந்த நேரத்துலயும் அந்தப் புத்தி வரும்." ஈரக் கைகளை மேலங்கியில் துடைத்தாள், காய்ந்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தாள். "அவரு அவன யாரோன்னு ஆக்கிட்டாரு. நான் அவன் அங்க இல்லவே இல்லன்னேன். புள்ளைக்கு எங்கதான்டி நிக்க இடம்?"

விசில்காரர், "உங்க குடும்பக் கதையெல்லாம் மத்தியானம் பேசுங்கம்மா, துணி காத்துக்கிட்டிருக்கு" என்றார். போய் நின்றார்கள்.

*

அடுத்த பயிற்சி நாளில் தாய் மேலங்கியோடு நேராக ஆலையிலிருந்து வந்தாள். நிறுத்தச் சொல்லத்தான் வருகிறாள் என்று நினைத்து, ஆலோசகர் ஒரு விளக்கத்தைத் தயார் செய்து வைத்திருந்தாள். தேவைப்படவில்லை.

"நானும் அந்த பஸ்ல ஏறணும்" என்றாள் தாய். "அவன் சீட்லயே."

ஆலோசகர் சின்னவனைப் பார்த்தாள். அவன் எழுந்து நாற்காலியைக் கொடுத்தான். தாயின் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தான். பெட்டியை அவள் முகத்தில் வைத்து, கொண்டை மாட்டாமல் பட்டையைப் பின்னால் இறக்கி இழுத்தான். வலிக்குதா என்று கேட்டான். இல்லை என்றாள்.

பேருந்து வந்தது.

"எவ்வளவு சுத்தமா இருக்கு" என்றாள். "ஒருத்தரும் சத்தம் போடல. இது எந்த ஊர் பஸ்?"

"எந்த ஊரும் இல்லம்மா" என்றாள் ஆலோசகர். "சும்மா செஞ்சது."

"ஜன்னல் பக்கம் இவனா?"

"நான்தான்" என்றான் சின்னவன்.

"உனக்கு விட்டாரா. எனக்கு ஒரு நாளும் விட்டதில்ல." தலையைத் திருப்பினாள். சாம்பல் சட்டைக்காரரைப் பார்த்தாள். நீண்ட நேரம் பார்த்தாள். "இப்படி உக்கார மாட்டாரு. கால அகட்டி, பக்கத்துல இருக்கறவன நசுக்கித்தான் உக்காருவாரு. கைய இப்படி வெச்சிருக்க மாட்டாரு."

"எனக்கு இது போதும்மா" என்றான் சின்னவன்.

"சரி. இவர எழுந்திருக்கச் சொல்லுங்க மிஸ்."

அடுத்த நிறுத்தத்தில் உருவம் எழுந்து, நடைபாதையில் மெதுவாக நடந்து, படியில் இறங்கிப் போனது. தாய் கழுத்தை வளைத்து அது போவதைப் பார்த்தாள். அறையில் அவள் பார்த்த திசையில் மூலையில் மடித்துவைத்த நாற்காலிகள் இருந்தன.

"திரும்பிப் பாக்கல."

"அப்பாவும் பாக்கல."

"பாத்திருந்தா நீயும் இறங்கியிருப்ப." பெட்டிக்குள்ளிருந்து குரல் கொஞ்சம் அடைத்து வந்தது. "அங்க இருந்தது நீதான்டா. காய்ச்சல் இல்ல ஒண்ணும் இல்ல. நான்தான் பயத்துல சொல்லிட்டேன். கேட்டா சொல்லு. எத்தன தடவ கேட்டாலும் சொல்லு."

"உனக்கு என்ன ஆகும்?"

"என்ன ஆகும். நான் சொன்ன பொய்க்கு நான் பதில் சொல்லிக்கறேன்."

"அக்காவுக்கு?"

வாசலில் நின்ற மூத்தவள், "அக்காவ அக்கா பாத்துப்பா. நீ உன் வாயப் பாத்துக்கோ" என்றாள். பெட்டியைக் கழற்றியபோது அதன் உள்பக்கம் நனைந்திருந்தது. ஆலோசகர் இரண்டு துணி எடுத்துத் துடைத்தாள்.

*

விசாரணை அலுவலகம் நகரத்தின் மறுகோடியில். சின்னவன் உண்மையான பேருந்தில் இன்னும் ஏறவில்லை. நிறுத்தம் வரை இரண்டு முறை போய், கதவு திறந்ததும் திரும்பிவிட்டான். ஏப்ரலில் விசாரணை நாளன்று மூன்று பேரும் இருட்டோடு கிளம்பி நடந்தார்கள். முந்தைய வாரமே தாய் வக்கீலோடு போய்த் தன் வாக்குமூலத்தை மாற்றிச் சொல்லியிருந்தாள். வரிசையில் நின்ற அந்த ஆள் யார் என்று கேட்டார்கள். தெரியாது என்றாள்.

பையன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பேச அனுமதிக்க வேண்டும் என்று ஆலோசகர் கேட்டிருந்தாள். முகம் தெரிய வேண்டும் என்று அதிகாரி மறுத்துவிட்டார். அப்படியானால் பக்கத்தில் ஒரு நாற்காலி போடலாமா என்று பையன் கேட்டான். போடலாம் என்றார். போட்டார்கள். அதில் மொழிபெயர்ப்பாளர் உட்கார்ந்தார். கொட்டாவியை அடக்கிக்கொண்டிருந்த நடுவயது மனிதர். பையன் சொல்லும் ஒவ்வொரு வாக்கியத்தையும் தானே சொல்வதுபோல், நான், என் அப்பா என்றே அதிகாரியின் மொழியில் திருப்பிச் சொன்னார். எனக்கு அவரைத் தெரியாது என்பதை இரண்டு முறை சொன்னார். இரண்டாவது முறை சொல்லிவிட்டுத் தண்ணீர் கேட்டார்.

பேசி முடிக்க மதியம் ஆனது. வெளியே வந்தவன் படிக்கட்டில் உட்கார்ந்து, மூத்தவள் கொண்டுவந்த ரொட்டியை முழுவதும் தின்றான். தாய் தன் பங்கையும் கொடுத்தாள். நடந்தே திரும்பினார்கள்.

பயிற்சி மே மாதம் முடிந்தது. கண்ணாடிகளை ஒரு பெட்டியில் அடுக்கி வேறு ஊருக்கு அனுப்பினார்கள்.

ஜூனில் முடிவு வந்தது. தந்தை பிடித்துச் செல்லப்பட்டார் என்பதையும், பையன் அதை நேரில் பார்த்தான் என்பதையும் அலுவலகம் ஏற்றுக்கொண்டது. அதனால் அவனுக்கு ஆபத்து உண்டு என்றும், அவன் இங்கே தங்கலாம் என்றும் முடிவு செய்தது. தாய்க்கும் மகளுக்கும் தனியாக ஆபத்து உண்டு என்பதற்குத் தாயின் சொல்லைத் தவிர வேறு ஆதாரம் இல்லை. அவள் முன்பே ஒரு முறை பொய் சொன்னவள். ஆகவே அவர்களுடைய கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது. வக்கீல் மேல்முறையீடு செய்தார். அக்டோபரில் அதுவும் தள்ளுபடியானது.

நவம்பர் முதல் வாரத்தில் தாயையும் மகளையும் விமான நிலையத்துக்கு அருகில், திருப்பி அனுப்பப்படுபவர்களை வைத்திருக்கும் முகாமுக்குக் கூட்டிப்போனார்கள். சின்னவனுக்குத் தனி ஆண்கள் விடுதியில் ஒரு கட்டில் கொடுத்தார்கள். ஆலையில் உருளைக்கு வேறு ஜோடி போடப்பட்டது. மூன்றாவது மாடி அறை அதே மாதம் ஐந்து பேர் கொண்ட ஒரு குடும்பத்துக்கு ஒதுக்கப்பட்டது.